பட்டத்தில் ஏறிய இக்சஸ்: பழைய கமராவுக்குப் புது நிரல்

பட்ட நூலில் ஒரு கமராவைத் தொங்கவிட்டு மேலிருந்து கரையைப் படம் எடுக்க வேண்டுமென்றால், அந்தக் கமராவுக்கு மூன்று வேலை தெரிந்திருக்க வேண்டும். சில நொடிக்கொரு தடவை தானே படம் எடுக்க வேண்டும். ஷட்டர் வேகத்தை நாங்கள் சொன்ன இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஃபோகஸைத் தூரத்தில் பூட்டிவிட்டு, பிறகு அங்குமிங்கும் தேடாமல் இருக்க வேண்டும். விலையிலும் ஒரு நிபந்தனை உண்டு: விழுந்து உடைந்தால் அழுகை வரக்கூடாது.

என் கையில் இருப்பது கெனன் இக்சஸ் 70. 2007இல் வந்தது, 7.1 மெகாபிக்சல், பற்றரி இல்லாமல் 125 கிராம். யாழ்ப்பாண நகரில் போன் திருத்தும் கடையொன்றின் கண்ணாடி அலமாரியில், ஒருவருக்கும் வேண்டாத சார்ஜர்களுக்கு நடுவே கிடந்தது. பற்றரி மூடியின் கொக்கி உடைந்திருந்ததால் விலை இன்னும் குறைந்தது. அந்த மூடிக்கு இன்றுவரை கறுப்பு இன்சுலேஷன் ரேப்தான் வைத்தியம்.

கடையிலிருந்து வந்தபடியே பார்த்தால், மேலே சொன்ன மூன்றில் ஒன்றுகூட அதற்கு ஒழுங்காகத் தெரியாது. மெனுவில் ‘மனுவல்’ என்று ஒன்று இருக்கிறது. உள்ளே போனால் ஒளியை உணரும் திறனான ஐஎஸ்ஓவை மாற்றலாம், வெள்ளைச் சமநிலையை மாற்றலாம், பகலில் ஷட்டர் எந்த வேகத்தில் அடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியாது. டைமர் உண்டு, அது எண்ணி முடித்ததும் தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடும். இத்தனைக்கும் உள்ளே இருப்பது ஒரு முழுக் கணினி: புரொசெசர் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, நொடியை ஆயிரமாய்ப் பிரித்து எண்ணும் கடிகாரம் இருக்கிறது. இந்த விலைக் கமராவுக்கு எந்தெந்தப் பொத்தான் போதும் என்று தீர்மானித்தவர்கள் மற்ற வசதிகளுக்கு வழி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ட்ரோன் வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் வேண்டும், காசும் வேண்டும். கைத்தொலைபேசியைக் கட்டலாமே என்பவர்களுக்கு வேறு பதில். போன் கமரா சென்சரை வரிவரியாக வாசிக்கிறது. நூலில் ஆடும்போது படம் ஜெலி மாதிரி வளைந்து வரும். இக்சஸில் இருப்பது சிசிடி சென்சர், அதன் முன்னே உண்மையாகவே திறந்து மூடும் ஷட்டர். இவ்வளவு பழைய கமராவாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் புதுப் போனை வென்றுவிடும்.

அந்தக் கமராவுக்கு வேலை பழக்கும் நிரலின் பெயர் சிஎச்டிகே. கெனன் பவர்ஷொட், இக்சஸ் வகைச் சிறு கமராக்களுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய இலவச நிரல். 2007 வாக்கில் பரவத் தொடங்கியது. இதைக் கமராவில் ‘இன்ஸ்டோல்’ செய்வதில்லை. மெமரி காட்டில் கிடக்கும்; கமராவைப் போடும்போது அதன் தற்காலிக நினைவகத்துக்குள் ஏறும்; நிறுத்தினால் போய்விடும். கெனனின் சொந்த நிரலில் ஒரு எழுத்துகூட மாறாது. வீட்டுக்காரர் எழும்பும் முன்பே வந்து திண்ணையில் குந்திக்கொள்ளும் விருந்தாளி போல, கமராவின் நிரல் தொடங்கும் நேரத்தில் இதுவும் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது. காட்டை மாற்றிப் போட்டால் பழைய கமரா பழையபடி.

இதை எழுதியவர்கள் கமராவின் நிரலை வெளியே எடுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே இருப்பதை வாசிக்க வழி இல்லாத கமராக்களில், ஒரு சின்ன நிரலை ஏற்றி, கமராவின் எல்ஈடி விளக்கைச் சிமிட்ட வைத்தார்கள். ஒரு சிமிட்டல் ஒன்று, இன்னொரு மாதிரிச் சிமிட்டல் பூச்சியம். விளக்கின் முன்னால் ஒளியை உணரும் ஒரு சின்ன உறுப்பை வைத்து, அதைக் கணினியின் மைக் துளையில் செருகி, சத்தமாகப் பதிந்து, பிறகு அந்தச் சத்தத்தை மறுபடி எண்களாக்கினார்கள். மெகாபைட் கணக்கில் நிரல் அந்தச் சிறு விளக்கு வழியே வெளியே வந்தது. இப்படி வந்ததைப் பிரித்துப் படித்துத்தான் ஷட்டர் எங்கே, ஃபோகஸ் எங்கே, சென்சரின் தரவு எங்கே என்று கண்டுபிடித்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் தேவை, கமராவின் நிரல் எந்தப் பதிப்பு என்று அறிவது. ஒரே மொடலுக்குள்ளும் கெனன் சில பதிப்புகளை வெளியிட்டிருக்கும். சிஎச்டிகே ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி; மாறிப் போட்டால் ஏறாது. காட்டில் ‘வெர்.ரெக்’ என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, படம் பார்க்கும் நிலையில் கமராவைப் போட்டு, நடுவிலுள்ள செட் பொத்தானை அழுத்தியபடி டிஸ்பிளே பொத்தானை அழுத்தினால் திரையில் பதிப்பு வரும். என்னுடையது 1.02ஏ. இந்த வசதியும் கெனன் தன் திருத்துநர்களுக்காக வைத்ததாக இருக்க வேண்டும், கையேட்டில் இல்லை.

அடுத்தது காட். இந்த வகைக் கமரா தொடங்கும்போது, காட் எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். பூட்டியிருந்தால், காட்டின் தொடக்கப் பகுதியில் 64ஆவது பைட்டிலிருந்து ‘பூட்டிஸ்க்’ என்ற எட்டு ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று தேடும். இருந்தால், அதே காட்டிலுள்ள ‘டிஸ்க்பூட்’ கோப்பை ஓடவிடும். இந்த வாசல் வழியாகத்தான் சிஎச்டிகே உள்ளே போகிறது. காட் பூட்டியிருந்தால் படம் எப்படிச் சேமிப்பது என்று கேட்பீர்கள். ஏறியதும் சிஎச்டிகே செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, அந்தப் பூட்டைக் கண்டுகொள்ளாதே என்று கமராவுக்குச் சொல்லுவது. திரையில் ‘காட் பூட்டப்பட்டுள்ளது’ என்று வந்தால் சிஎச்டிகே ஏறவில்லை என்று அர்த்தம். வேறு சோதனை தேவையில்லை.

இக்சஸ் 70 போன்ற பழையவை, கோப்புகளை அடுக்கும் பழைய முறையான ஃபட்16 வடிவக் காட்டிலிருந்துதான் இப்படித் தொடங்கும், அதாவது 2 ஜிபி, கூடினால் 4 ஜிபி. இன்று கடையில் போய் 2 ஜிபி கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பெரிய காட்டை இரண்டாகப் பிரித்துச் சமாளிக்கலாம். எனக்கு அந்த வேலை வரவில்லை. வீட்டில் கிடந்த பழைய நொக்கியா போனிலிருந்து 2 ஜிபி மைக்ரோ காட் ஒன்று கிடைத்தது. அதை அடப்டருக்குள் செருகினால் போதும், பூட்டும் தாழ்ப்பாள் அடப்டரில்தானே இருக்கிறது. அந்தத் தாழ்ப்பாள் தளர்ந்து, கமராவுக்குள் போகும்போது மேலே தள்ளுப்பட்டது. உடைத்து எறிந்துவிட்டேன். தாழ்ப்பாள் இல்லாத காட்டைக் கமரா எப்போதும் பூட்டிய காட் என்றே எடுத்துக்கொள்ளும். கணினியில் எழுத வேண்டி வரும்போது மைக்ரோ காட்டைக் கழற்றி வேறு அடப்டரில் போடுகிறேன். முழு எஸ்டி காட் வைத்திருப்பவர்கள் அந்தப் பள்ளத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டினால் எழுதலாம்.

கோப்புகளைக் காட்டுக்கு மாற்றும் வேலையைச் செய்யும் உதவி நிரல்கள் உண்டு. நீங்கள் எடுத்த ஒரு படத்தைக் கொடுத்தால், அதிலிருந்தே மொடலையும் பதிப்பையும் பிடித்து, சரியானதை இறக்கி, காட்டைத் தயார் செய்து தரும். அதிலே பெரிய கதை ஒன்றும் இல்லை.

ஏறியதும் கமராவில் புதிதாக ஒரு நிலை வருகிறது. நேரடியாக அச்சிடும் பொத்தானை அழுத்தினால் பொத்தான்கள் எல்லாம் சிஎச்டிகேக்குச் சொந்தம், மறுபடி அழுத்தினால் கெனனுக்குச் சொந்தம். கமராவைப் பிரின்டரோடு நேரே இணைத்து அச்சடிக்க வைத்த பொத்தான் அது. இரண்டாம் கையாக வாங்கும் கமராக்களில் தேயாமல் புதிதாக இருக்கும் ஒரே பொத்தான் அதுதான், யார் அழுத்தினார்கள்? இனி அதற்கு வேலை வந்துவிட்டது.

மெனுவுக்குள் போனால் கொட்டிக் கிடக்கிறது. பற்றரியின் வோல்ட் எண்ணிக்கை, ஒளிப்பரவல் வரைபடம், வெளிச்சம் எரிந்த இடத்தைக் கோடுகோடாகக் காட்டும் வசதி, சென்சரின் பதப்படுத்தாத தரவை டிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கும் வசதி, திரையில் அசைவு வந்தால் தானே படம் எடுக்கும் வசதி. மின்னலைப் பிடிக்க இந்தக் கடைசியைப் பலர் பாவிக்கிறார்கள். சில விளையாட்டுகளும் உண்டு. விளையாட்டு ஏன் என்று எனக்கும் கேள்விதான், ஆனால் வங்கி வரிசையில் நிற்கும்போது ஒருநாள் உதவியது. டிஎன்ஜியைத் தரையில் பாவித்துப் பார்த்தேன், நிழலுக்குள் கிடக்கும் விபரம் நன்றாக வருகிறது. 7.1 மெகாபிக்சல், ஒவ்வொன்றும் 10 பிட், ஆகவே படத்துக்கு 9 மெகாபைட் அளவில் வரும். எழுதி முடிக்க நேரம் எடுப்பதால் வானத்துக்கு அது சரிவராது. மேலே ஜேபெக்தான்.

இனி ஷட்டர். இந்த வேலையின் பாதிக் கதை இங்கேதான்.

இக்சஸ் வகைச் சிறு கமராக்கள் பலவற்றில், லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கும் இதழ்களே கிடையாது. விரிகோணத்தில் துவாரத்தின் அளவு எஃப் 2.8 என்றால் எப்போதும் 2.8தான். வெளிச்சம் கூடினால் உள்ளே ஒரு கறுப்புக் கண்ணாடி வந்து விழும். தை மாத வெயிலில் எங்கள் கரையில் கமராவைத் தானியங்கியில் விட்டால் அந்தக் கண்ணாடி விழுந்துவிடும். பிறகு வெளிச்சத்தை ஈடுகட்ட ஷட்டர் மெதுவாகும், 1/300 அளவுக்கு. மேசையில் வைத்த கமராவுக்கு அது தாராளம். வாடைக்காற்றில் நூலில் ஊஞ்சலாடும் கமராவுக்குப் போதாது. படங்கள் எல்லாம் ஒரு பக்கம் இழுபட்டு வரும்.

சிஎச்டிகே மெனுவில் கறுப்புக் கண்ணாடியை ‘வெளியே’ என்று நிறுத்திவைக்கலாம். ஷட்டரை நாங்களே சொல்லலாம். கமராவின் உள்கணக்கு வேடிக்கையானது. ஒரு நொடி என்றால் 0. நேரம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் 96 கூடும். பதினொரு தடவை பாதியாக்கினால் 1056, அதாவது 1/2048. நாங்கள் 1/2000 என்று சொல்வது. நடுவில் மூன்றில் ஒரு படி வேண்டுமென்றால் 32ஐக் கூட்டு. துவாரமும், ஐஎஸ்ஓவும், காட்சியின் வெளிச்சமும் இதே 96 கணக்கில்தான் ஓடுகின்றன. ஆகவே வெளிச்சத்தோடு ஐஎஸ்ஓவைக் கூட்டி, துவாரத்தைக் கழித்தால் ஷட்டர் வரும். பெருக்கல் பிரித்தல் இல்லாமல் வெறும் கூட்டல் கழித்தலில் முடித்திருக்கிறார்கள். எஃப் 2.8க்கு எண் 288. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 80க்கு 1056 போட்டால் மூன்றில் ஒரு படி வெளிச்சம் கூடிவிடுகிறது, கரையில் அடிக்கும் வெள்ளை நுரை எரிந்துபோகிறது. 1088 போட்டால் சரி.

ஆனால் இந்தக் கமராவுக்குக் கெனன் சொல்லும் ஆகக் கூடிய வேகம் 1/1500. அதற்கு மேல் எண்ணைக் கொடுத்தால் ஷட்டர் உண்மையில் அவ்வளவு வேகத்தில் அடிக்கிறதா, இல்லை சும்மா தலையாட்டுகிறதா? சோதிக்க மின்விசிறி போதும். ஓர் இதழின் நுனியில் வெள்ளை ரேப் ஒட்டி, கடைசி வேகத்தில் சுற்றவிட்டு, நல்ல விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் படம் எடுத்து, ரேப் எவ்வளவு நீளத்துக்கு இழுபட்டிருக்கிறது என்று பிக்சலில் அளந்தேன். 1/500க்கும் 1/1000க்கும் பாதிப்பாதி. 1/2000க்கும் ஏறக்குறையப் பாதி. அதற்கு மேலே போகப்போகப் பெரிய மாற்றம் இல்லை. எனக்கு 1/2000ஐத் தாண்டிக் கொஞ்சம் போதும், அது கிடைக்கிறது.

ஃபோகஸ் சுலபம். லென்ஸின் குவியத் தூரம் 5.8 மில்லிமீற்றர்தான். இந்தச் சின்ன சென்சருக்கு, எஃப் 2.8இல், ஏறக்குறைய இரண்டரை மீற்றருக்கு அப்பால் உள்ளதெல்லாம் தெளிவாக வரும். முடிவிலியில் வைத்துப் பூட்டினால் வேலை முடிந்தது. பூட்டாவிட்டால் வெறும் மணலைப் பார்த்துத் தேடித் தேடியே பற்றரியை முடித்துவிடும்.

கமரா செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லும் ஸ்கிறிப்டை லுவா என்ற நிரல் மொழியில் எழுதினேன். சிஎச்டிகே பேசிக் மாதிரி ஒன்றையும் ஏற்கும், லுவாவையும் ஏற்கும். பட்டத்துக்கும் ஆளில்லா விமானத்துக்குமென்றே ஒருவர் எழுதிய பெரிய ஸ்கிறிப்ட் ஒன்று ஏற்கனவே உண்டு. அதை வாசித்தேன், எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் வைத்தது இவ்வளவுதான். தொடங்கியதும் ஒரு நிமிடம் சும்மா இரு, நாங்கள் கமராவை மேலே விட வேண்டும். பிறகு ஃபோகஸைப் பூட்டு, திரை விளக்கை அணை. பிறகு சுற்று: பொத்தானைப் பாதி அழுத்து, கமரா வெளிச்சத்தை அளந்து முடிக்கும்வரை காத்திரு, அளந்ததை வாங்கு, மேலே சொன்ன கூட்டல் கழித்தலைச் செய். வரும் ஷட்டர் எண் 960க்குக் கீழே, அதாவது 1/1000ஐவிட மெதுவாகப் போனால், ஐஎஸ்ஓவை ஏற்று. எண்களைக் கமராவுக்குள் வை, கண்ணாடியை வெளியே தள்ளு, முழுதாக அழுத்து, விடு. ஐந்து நொடி ஆகும்வரை காத்திரு. பற்றரி வோல்ட் குறைந்தால் லென்ஸை உள்ளே இழுத்து நிறுத்து. கடைசி வரி முக்கியம். லென்ஸ் வெளியே நீட்டியபடி பற்றரி செத்து, அப்படியே மணலில் விழுந்தால், அடுத்த முறை போடும்போது லென்ஸ் பிழை என்று திரையில் வரும். இந்த வகைக் கமராக்கள் பெரும்பாலும் சாவது அப்படித்தான்.

பாதி அழுத்தலுக்கும் முழு அழுத்தலுக்கும் நடுவே எண்களை நுழைப்பது ஒருவகையில் களவுதான். கமரா தன் கணக்கை முடித்துவிட்டு நிற்கும் அந்தக் கண இடைவெளியில் நாங்கள் எண்ணை மாற்றி வைக்கிறோம். இதை நேர்வழியில் செய்தால் எப்படி இருக்கும் என்று காட்டியவர்கள் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவோய் குழுவினர். 2010இல் ‘ஃபிராங்கன்கமரா’ என்று ஒன்றை வெளியிட்டார்கள். கெனன் லென்ஸ் பூட்டக்கூடிய, தாங்களே கட்டிய கமரா ஒன்று. அதே நிரலை நொக்கியா என்900 போனிலும் ஓடவிட்டார்கள். அதன் அடிப்படை யோசனை: ஒவ்வொரு படத்துக்கும் வேண்டிய ஷட்டர், ஐஎஸ்ஓ, ஃபோகஸ் எல்லாவற்றையும் ஒரு கோரிக்கையாக எழுதி வரிசையில் போடு, கமரா ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, எந்த எண்ணில் எடுத்தேன் என்ற குறிப்போடு படத்தைத் திருப்பித் தரும். 2014இல் வந்த அன்ட்ரொயிட் 5இன் கமரா இடைமுகமும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஆகவே இன்று கையில் இருக்கும் போனில் ஒருவர் சுலபமாக எழுதக்கூடியதை, இக்சஸில் நாங்கள் ஜன்னல் வழியே கை விட்டுச் செய்கிறோம்.

கமராக் கம்பனிகள் எப்போதுமே இப்படி மூடி வைத்திருந்தன என்றும் இல்லை. 1998இல் வந்த கொடாக் டிசி260இல் டிஜிட்டா என்ற இயங்குதளம் இருந்தது. ஸ்கிறிப்ட் எழுதிக் காட்டில் போட்டால் மெனுவில் வரும், கம்பனியே அனுமதித்த வழி. அதில் டூம் விளையாட்டைக்கூட ஓடவிட்டார்கள். பத்து வருடம் கழித்து வந்த கமராக்களில் அந்த வழி இல்லை. பெரிய கமராக்காரருக்கு இதே மாதிரி மேஜிக் லேன்டர்ன் என்ற நிரல் உண்டு. 2009இல் ட்ரமெல் ஹட்சன் என்பவர் கெனன் 5டி மார்க் 2க்கு எழுதத் தொடங்கியது, வீடியோ எடுக்கும்போது சத்தத்தின் அளவு திரையில் தெரியவில்லை என்ற குறையைத் தீர்க்க. 2013இல் அதன் வழியாக 5டி மார்க் 3இல் 14 பிட் பதப்படுத்தாத வீடியோ வந்தது. விற்றபோது அந்தக் கமராவில் அப்படி ஒரு வசதி இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை.

தொங்கலுக்கு வருவோம். 1912இல் பியேர் பிக்கவே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த முறைதான் இன்றும் சிறந்தது. ஒரு சிலுவைச் சட்டம், அதன் நான்கு முனையிலும் வளையம், பட்ட நூலில் இரண்டு இடத்தில் பிடிப்பு. ஒரே கயிறு எல்லா வளையத்துக்குள்ளாலும் மாறி மாறி ஓடி முடிச்சுப் போடப்படும். பட்டம் எப்படிச் சாய்ந்தாலும் கயிறு வழுக்கிச் சமன் செய்து, சட்டம் கிடையாக நிற்கும். சட்டத்துக்குப் பழைய ரீவி அன்ரனாவின் அலுமினியக் குழாய், வளையத்துக்கு மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கிய சுழலி. கயிறுக்குத் தங்கூசி என்ற ஒற்றை இழை நைலோன் வேண்டாம், முடிச்சு நழுவும். பின்னிய நைலோன் கயிறு நல்லது. கமராவின் அடியிலுள்ள முக்காலித் துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. இரும்புக் கடையில் கால் அங்குலத் திருகாணி என்று கேட்டால் பொருந்தும். 6 மில்லிமீற்றர் திருகாணியைத் தந்து “எல்லாம் ஒண்டுதான் தம்பி” என்பார்கள். ஒன்றில்லை, புரியைத் தின்றுவிடும். லென்ஸைச் சுற்றி இரண்டு அங்குலப் பிவிசி குழாயின் ஒரு துண்டு, லென்ஸைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டி. விழுந்தால் அது முதலில் மணலைத் தொடும்.

பட்டம் என் வேலை இல்லை. வல்வெட்டித்துறைப் பக்கத்தில் இருக்கும் என் மச்சானின் வேலை. மார்கழி, தை என்றால் அவனைக் கடற்கரையில்தான் பிடிக்கலாம். தைப்பொங்கல் அன்று அந்தக் கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு அங்கே என்ன அளவில் பட்டம் ஏறும் என்று தெரியும். எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், ஆளுயர எட்டுமூலைப் பட்டம் ஒன்று போதும், தொங்கலோடு சேர்த்துக் கமரா கால் கிலோவுக்குள்தான். பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சையை அவன் கட்டினான். சண்டை வந்தது விண்ணில்.

விண் என்பது பட்டத்தின் தலையில் கட்டும் வில். காற்றில் அதன் நார் அதிர்ந்து ஊருக்கே கேட்க ‘ங்ஙொய்ய்’ என்று கூவும். அந்த அதிர்வு நூல் வழியே கமராவுக்கு இறங்கும் என்பது என் கவலை. “விண்ணைக் கழட்டு” என்றேன்.

“விண் இல்லாமப் பட்டம் ஏத்துறதோ? சனம் என்னெண்டு நினைக்கும்? உன்ரை கமராவைக் கழட்டு” என்றான்.

முதலில் தானியங்கி ஷட்டரில் விட்டுப் பார்த்தோம், விண்ணோடு. கெட்ட படங்கள். “பாத்தியா, விண்” என்றேன். பிறகு அதே விண்ணோடு, ஸ்கிறிப்டைப் போட்டு, 1088இல் விட்டோம். ஓலைக் கூரையின் ஈர்க்கு எண்ணலாம் போல வந்தது. விண்ணின் அதிர்வு கமராவுக்கு வரும்போது மிகச் சின்னது. 1/2000 நொடிக்குள் அது படத்தில் ஒரு பிக்சலுக்குக்கூட நகர்த்தாது. இழுத்தது ஊஞ்சலாட்டமும் மெதுவான ஷட்டரும். அதற்குப் பிறகு மச்சான் விண்ணை இன்னும் பெரிதாக்கிக் கட்டினான், வேண்டுமென்றே.

சில நடைமுறை. பட்டத்தை முதலில் தனியே ஏற்றி, மேலே காற்று நிலையாக இருக்கிறதா என்று பார்த்து, முப்பது மீற்றர் நூல் போன பிறகு கமராவைக் கட்ட வேண்டும். பட்டத்துக்குக் கிட்டக் கட்டினால் அது குத்தும்போது கமராவும் குத்தும். மின்கம்பிப் பக்கமும் பலாலி விமானத்தளப் பக்கமும் போக வேண்டாம். முகாம்கள் இருக்கும் இடத்தில் ஏற்றினால் கீழே இறக்கியதும் நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டி வரும், அதையும் தவிருங்கள். போட்டி நாளில் சனத்துக்கு மேலே கமரா தொங்கவிடுவது மடைத்தனம். வீட்டு முற்றங்களுக்கு மேலே போகும் என்றால் முதலே சொல்லிவிடுவது மரியாதை. இறக்கியதும் லென்ஸில் உப்புப் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்க்காமல் கொஞ்சம் நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும்.

1888இல் பிரான்சில் ஆர்தர் பத்யூ பட்டத்தில் கமரா கட்டியபோது ஷட்டரைத் தட்டியது ஒரு மெதுவாக எரியும் திரி. திரி எரிந்து முடியும் நேரத்துக்குள் பட்டம் ஏறிவிட வேண்டும், ஒரு ஏற்றத்துக்கு ஒரு படம். எனது ஸ்கிறிப்டின் முதல் வரியான ஒரு நிமிடக் காத்திருப்பு அந்தத் திரிதான். 2 ஜிபி காட்டில் அறுநூறுக்கு மேல் படம் போகும் என்பது மட்டும் வித்தியாசம்.

படங்களை வைத்து என்ன செய்கிறோம் என்றால், முதலில் உயரம் கண்டுபிடிப்பது. இந்த லென்ஸுக்கு ஒரு வசதி உண்டு. சென்சரின் அகலம் ஏறக்குறைய 5.8 மில்லிமீற்றர், குவியத் தூரமும் 5.8. ஆகவே நேர்கீழே பார்க்கும் படத்தில், எவ்வளவு உயரமோ அவ்வளவு அகலம் நிலம் தெரியும். 60 மீற்றர் உயரம் என்றால் 60 மீற்றர் அகலம், 3072 பிக்சலுக்குப் பிரித்தால் ஒரு பிக்சல் 2 சென்ரிமீற்றர். கரையில் இழுத்து விட்டிருக்கும் கண்ணாடியிழைப் படகு ஒன்றை நாடாவால் அளந்து வைத்தோம், 18 அடி. படத்தில் அது எத்தனை பிக்சல் என்று பார்த்தால் உயரம் வந்துவிடும். பிறகு ஒன்றன்மேல் ஒன்று படியும் படங்களை ஹுகின் என்ற இலவச நிரலில் கொடுத்து ஒட்டுகிறேன். தொண்டைமானாறுப் பக்கம் முகத்துவார மணல் எங்கே சேர்கிறது, எங்கே அரிக்கிறது என்று ஒட்டிய படத்தில் நன்றாகத் தெரிகிறது. மேலிருந்து பார்க்கும்போது ஆழமற்ற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கடற்தாவரமான சாதாளைத் திட்டுகளும் தெரிகின்றன, கரையில் நின்றால் வெறும் மினுக்கம்தான்.

தென்மேற்குக் காற்றான சோளகம் தொடங்கினால் காற்றின் திசை மாறிவிடும், அப்போது நூல் கடல் பக்கம் போகும். அறுந்தால் கமரா கடலில். அதனால் அடுத்த வாடைவரை இக்சஸ் தரையில்தான். அதற்குள் யூஎஸ்பி வழியே தூண்டுவதைச் செய்து பார்க்க வேண்டும். யூஎஸ்பி வயரில் 5 வோல்ட்டுக்குக் கிட்ட வந்து போனால் சிஎச்டிகே அதைப் பொத்தான் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். மூன்று சின்னப் பற்றரி, ஒரு அமுக்கி, பழைய வயர் ஒன்று. அது சரிவந்தால் கமராவைத் தொடாமல் அப்பப்பாவின் கணக்குப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம்.

யாராவது தேடுவதென்றால்: ரீவி, போன் திருத்தும் கடைகளின் அலமாரிகளைப் பாருங்கள். போகும்போது வெர்.ரெக் கோப்புப் போட்ட 2 ஜிபி காட்டையும், கெனன் சிறு கமராவுக்குப் போகும் பற்றரியொன்றையும் சட்டைப்பையில் வைத்திருங்கள். கடைக்காரரிடம் போட்டுக் காட்டச் சொல்லி, பதிப்பைக் குறித்து, சிஎச்டிகே பட்டியலில் அந்த மொடலும் அந்தப் பதிப்பும் இரண்டும் இருக்கிறதா என்று போனிலேயே பாருங்கள். லென்ஸை நான்கைந்து தடவை வெளியே விட்டு உள்ளே இழுத்து, கரகரப்புக் கேட்கிறதா என்று காது கொடுங்கள். அதற்குப் பிறகு விலையைப் பேசுங்கள்.